ராசிபுரத்துக்கு மூன்று ஆம்புலன்ஸ்: எந்த சேசிஸ் வாங்கலாம்?

வாகனக் கேள்வி–பதில்

(ஆம்புலன்ஸ் வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் அறக்கட்டளை ராசிபுரத்தில் ஒரு சிறிய மருத்துவமனை நடத்துகிறது. மூன்று ஆம்புலன்ஸ் வாங்கும் அளவுக்கு நன்கொடை சேர்ந்திருக்கிறது. ஒன்று, ஆபத்தான நிலையில் இருப்பவர்களைச் சேலத்துக்குக் கொண்டுபோக. இன்னொன்று, டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிட. மூன்றாவது கொல்லிமலைக்கு. மூன்றும் ஒரே மாடல் என்றால் விலையைக் குறைத்துத் தருவதாக டீலர் சொல்கிறார். சரக்கு வண்டி சேசிஸ் (இன்ஜினும் சக்கரமும் சேர்ந்த அடிச்சட்டம்) வாங்கி நாமக்கல்லில் பாடி கட்டினால் இன்னும் மலிவு என்கிறார் எங்கள் உறுப்பினர் ஒருவர். எது சரி?
– அறக்கட்டளைச் செயலாளர், ராசிபுரம்

பதில்: ஐயா, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றும் ஒரே மாடல் வேண்டாம். சரக்கு சேசிஸ் வேண்டவே வேண்டாம். ஊரார் கொடுத்த பணம் என்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

ஒரு வேனுக்குள் ஸ்ட்ரெச்சரை வைத்து, மேலே சுழல்விளக்கைப் பொருத்தி ஆம்புலன்ஸ் என்று எழுதிவிடும் காலம் முடிந்துவிட்டது. 2018 ஏப்ரல் முதல் ஏஐஎஸ்-125 என்ற தரவிதிப்படிதான் புது ஆம்புலன்ஸ் செய்ய வேண்டும். அது வண்டிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஏ வகை, முதலுதவி செய்பவர் சீக்கிரம் போய்ச் சேர்வதற்கு. பி வகை, அவசரம் இல்லாத நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக. சி வகையில் அடிப்படை உயிர்காப்பு வசதி இருக்கும். டி வகையில் வென்டிலேட்டர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் வரை எல்லாம் இருக்கும். உங்கள் சேலம் வண்டி டி வகை. டயாலிசிஸ் வண்டி பி வகை. கொல்லிமலைக்கு சி வகை போதும். வேலையே மூன்று விதமாக இருக்கும்போது வண்டி எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

நாமக்கல் யோசனைக்கு வருகிறேன். லாரி பாடி கட்டுவதில் நாமக்கல் பட்டறைக்காரர்களின் கைத்திறமையைக் குறை சொல்ல யாராலும் முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டி முடித்த ஆம்புலன்ஸுக்கு வகைச் சான்று, அதாவது அந்த மாடல் தரவிதிப்படி இருக்கிறது என்று சோதித்துத் தரும் சான்று வேண்டும். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, நம் ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற சோதனை நிலையங்கள்தான் அதைத் தர முடியும். ஒரே ஒரு வண்டிக்காக அந்தச் செலவைச் செய்தால் நீங்கள் கணக்குப் போட்ட மலிவு காணாமல் போய்விடும். சான்று இல்லையென்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவின்போதே வண்டி நின்றுவிடும்.

சான்றை விடுங்கள், நோயாளியின் முதுகை நினைத்துப் பாருங்கள். சரக்கு வண்டியின் ஸ்பிரிங், காலியாக வரும்போதும் தாங்க வேண்டும், முழுச் சுமையோடு போகும்போதும் தாங்க வேண்டும். அதனால் அதைக் கடினமாகத்தான் செய்வார்கள். ஆம்புலன்ஸில் ஏறும் சுமை நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. அந்தச் சுமைக்கென்றே அமைந்த ஸ்பிரிங் இருந்தால்தான் உள்ளே படுத்திருப்பவருக்கு நிம்மதி. அப்புறம் தரை உயரம். சரக்கு வண்டியில் ஏணி போன்ற சட்டத்துக்கு மேல் பாடி உட்காரும். தளம் உயரத்தில் இருக்கும், ஸ்ட்ரெச்சரை ஏற்றுபவர்களின் இடுப்பு ஒடியும், வளைவில் வண்டி அதிகம் சாயும். வேன்களில் சட்டமும் பாடியும் ஒன்றாகவே இருப்பதால் தளம் தாழ்ந்திருக்கும்.

சரி, இப்போது எடைக்கணக்கு. கொட்டேஷனில் இன்ஜின் சக்தி, மைலேஜ் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது இரண்டு எண்கள்: வண்டி தாங்க அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, வெறும் வண்டியின் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் நீங்கள் ஏற்றும் அத்தனையும் அடங்க வேண்டும். டி வகை வண்டிக்கு நான் போடும் உத்தேசக் கணக்கு இது. டிராலி ஸ்ட்ரெச்சர், ஸ்கூப் (இரண்டாகப் பிரிந்து நோயாளியை அள்ளித் தூக்கும் ஸ்ட்ரெச்சர்), முதுகுப் பலகை எல்லாம் சேர்த்து 60 கிலோ. ஆக்சிஜன் உருளைகள், பெரியது இரண்டு, சிறியது இரண்டு, 150. மானிட்டர், வென்டிலேட்டர், சளி உறிஞ்சும் சக்ஷன், மருந்தை அளவாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் 40. உள்சுவர், அலமாரி, தரைவிரிப்பு, இருக்கைகள் 250. பின்பக்க ஏசி, கூடுதல் பேட்டரி, இன்வெர்ட்டர் 120. ஓட்டுநர், டெக்னீஷியன், டாக்டர், நோயாளி, உறவினர் இருவர் என்று ஆறு பேருக்குத் தலைக்கு 70 வைத்தால் 420. மொத்தம் 1,040 கிலோ. சின்ன வேனில் இதை ஏற்ற முடியாது. ஏற்றினாலும் பிரேக் பிடிக்கிற தூரம் கூடிவிடும்.

ஆக்சிஜனுக்கு வைத்த அந்த 150 கிலோவைக் குறைக்கலாம். பெரிய டி டைப் உருளை ஒன்று ஏறக்குறைய 60 கிலோ, அதில் 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 700 நிமிடம், அதாவது 11 மணி நேரத்துக்கும் மேல். ஆண்டகளூர் கேட்டில் நெடுஞ்சாலை ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் நீங்கள் சேலம் அரசு மருத்துவமனையில் இருப்பீர்கள். அதற்கு எதற்கு இரண்டு பெரிய உருளை? பெரியது ஒன்றும், கையில் தூக்கிப் போகும் 1,500 லிட்டர் பி டைப் இரண்டும் வைத்தால் தாராளம். 60 கிலோ மிச்சம். சென்னைக்கோ கோவைக்கோ போகும் நாளில் இன்னொன்றை ஏற்றிக்கொள்ளலாம், அதற்கான கிளாம்பை மட்டும் முன்கூட்டியே பொருத்தச் சொல்லுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும், ஒரு பைசா பாக்கியைக் கொடுப்பதற்கு முன்னால், எல்லாக் கருவிகளையும் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போங்கள். முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். பிறகு முழு வண்டி. கடைசியில் பின்சக்கரங்கள் மட்டும். ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையோடும் அச்சு எடைகளோடும் ஒப்பிடுங்கள். மொத்த எடை சரியாக இருந்து பின் அச்சு மட்டும் மிஞ்சிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மருத்துவமனை குறைந்த விலைக் கொட்டேஷனைப் பார்த்து வண்டி வாங்கியது. கனமான அலமாரி, இரண்டு உருளை, பேட்டரி எல்லாவற்றையும் பின்கதவுக்குப் பக்கத்திலேயே, அதுவும் ஒரே பக்கமாக வைத்திருந்தார்கள். வண்டி நின்றிருக்கும்போதே இடதுபக்கம் தாழ்ந்திருந்தது. பின் டயர்கள் ஒரு ஓரமாகத் தேய்ந்தன, ஸ்டியரிங் லேசாகப் போய்விட்டது என்று ஓட்டுநர்கள் பயந்தார்கள். உருளையை ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர் ஓரத்துக்கு மாற்றி, எதிர்ப்பக்கத்தில் பேட்டரியை வைத்த பிறகுதான் அது வண்டியாக ஓடியது.

அடுத்தது, நோயாளி எங்கே படுக்கிறார் என்பது. சேசிஸ் தேர்வில் எனக்கு இதுதான் முதல் கேள்வி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இருக்கும் உடம்புக்குக் குலுக்கல் குறைவு. பின் அச்சுக்கு மேலேயும் அதைத் தாண்டியும் இருப்பவருக்கு ஒவ்வொரு பள்ளமும் நேராக எலும்புக்குப் போகும். தலை முன்பக்கமாக இருக்கும்படிதான் ஸ்ட்ரெச்சரை ஏற்றுகிறோம். வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், நீளமாக இருந்தால் தலை, நெஞ்சு, இடுப்பு வரை இரண்டு அச்சுக்கும் நடுவில் வந்துவிடும். குட்டை வண்டியில் இடுப்பே பின் அச்சின்மேல் விழும். முதுகெலும்பு முறிந்தவரை அப்படிக் கொண்டுபோவது பாவம்.

ஆகவே டீலர் டெமோ வண்டி கொண்டுவந்தால் முன்னால் உட்காராதீர்கள். பின்னால் ஸ்ட்ரெச்சரில் பட்டையெல்லாம் கட்டிக்கொண்டு படுங்கள். உங்கள் நர்ஸ் ஒருவர் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்காரட்டும். உங்கள் ஊர் வேகத்தடைகளின் மேல் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். முன்சக்கரம் ஏறுவது உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பின்சக்கரம் ஏறி இறங்கும்போது இடுப்பு மெத்தையை விட்டுக் கிளம்பி மறுபடி விழுகிறதா என்று கவனியுங்கள். அதே நேரம் நர்ஸால் உங்கள் கையைப் பிடித்து நாடி பார்க்க முடிகிறதா, நரம்பில் சலைன் ஏற்ற முடியும் என்று அவருக்குத் தோன்றுகிறதா என்று கேளுங்கள். அறக்கட்டளைத் தலைவரையும் ஒருமுறை படுக்க வையுங்கள். பத்துப் பக்கக் கொட்டேஷன் சொல்லாததை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும்.

கொல்லிமலை வேறு கதை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே நீள வண்டிக்குத் திரும்ப இடம் போதாது. பேருந்தே ஏறுகிறதே என்பீர்கள். பேருந்து வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், எதிரே வருபவர் நின்று வழிவிடுவார். இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலியில் இருப்பவரைக் கீழே கொண்டுவரும்போது ஒவ்வொரு வளைவிலும் அப்படி ஓட்ட முடியாது. அதனால் மலை வண்டிக்கு வீல்பேஸ் குறைவாக இருக்கட்டும். சமவெளியில் நான் கேட்ட நீளத்தை இங்கே விட்டுக்கொடுக்கிறேன், ஏனென்றால் மலைப்பாதையில் வேகம் குறைவு, தூக்கிப் போடும் அளவும் குறைவு.

மலைக்குப் பின்சக்கர இழுவையைத்தான் கேளுங்கள். ஏற்றத்தில் வண்டியின் எடை பின்பக்கம் சாயும். நம் கருவிகளும் ஆட்களும் ஏற்கெனவே பின்னால்தான். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அந்த நேரத்தில் முன் டயர் பிடிமானம் இழந்து சுழலும், மழை பெய்து சாலையில் சேறும் இலையும் கிடந்தால் சொல்லவே வேண்டாம். நான்கு சக்கர இழுவை வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. மலைமேல் உள்ள செம்மேடு வரை தார்ச்சாலை, அதற்குத் தேவையில்லை. தார் போடாத பாதையில் உள்ளடங்கிய ஊர்களுக்கும் போவது என்று நீங்கள் முடிவு செய்தால் மட்டும் அந்தச் செலவைப் பற்றி யோசிக்கலாம்.

இனி பெயர் சொல்லிப் பேசலாம். சேலம் வண்டிக்கு ஃபோர்ஸ் டிராவலர் 3350. மலைக்கு அதே டிராவலரில் 3050. அந்த எண்கள்தான் மில்லிமீட்டரில் வீல்பேஸ். இரண்டும் ஒரே குடும்பம், பின்சக்கர இழுவை. ஃபில்டர், பெல்ட் எல்லாம் இரண்டுக்கும் பொதுவாக வாங்கி வைக்கலாம், ஒரு ஓட்டுநர் இன்னொரு வண்டியைத் தயக்கமின்றி எடுப்பார். டாடா விங்கர் முன்சக்கர இழுவை. பின் அச்சுக்கு இழுவைத் தண்டு போக வேண்டியதில்லை என்பதால் தளம் தாழ்வாக இருக்கும், ஸ்ட்ரெச்சர் ஏற்றுவது சுலபம். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிகள் என்றால் நான் விங்கரையும் சமமாக வைத்துப் பார்ப்பேன். உங்களுக்கு மலை இருப்பதால் இரண்டு கம்பெனி உதிரி பாகங்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்கிறேன்.

டயாலிசிஸ் வண்டிக்கு மாருதி ஈகோ போதும். வாரத்துக்கு மூன்று முறை வந்துபோகும் நோயாளிகளில் பலர் உட்கார்ந்தே வருவார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது ரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும், அப்போது படுக்க இடம் வேண்டும். முழங்கால் மடக்க முடியாத பெரியவர் ஏறுவதற்குப் படி தாழ்வாக இருக்க வேண்டும், தெருவுக்குள் வண்டி நுழைய வேண்டும். இந்த வேலைக்குப் பெரிய வேன் எதற்கு?

எந்த மாடல் எடுத்தாலும் வகைச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வாங்கும் அதே வீல்பேஸ், அதே ஆம்புலன்ஸ் வகை, அதே பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) இன்ஜின் என்று அதில் இருக்க வேண்டும். பக்கத்து நீளத்துக்கு வாங்கிய சான்றைக் காட்டினால் ஏற்காதீர்கள். அடுத்து, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர். இன்ஜின் வேகமாக ஓடும்போது எத்தனை ஆம்பியர் என்பதை எல்லோரும் சொல்வார்கள். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, எவ்வளவு தரும் என்று எழுத்தில் கேளுங்கள். விபத்து நடந்த இடத்தில் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதுதான் விளக்கு, ஏசி, சக்ஷன், வென்டிலேட்டர் எல்லாம் சேர்ந்து ஓடும். கருவிகளுக்குத் தனி பேட்டரி, அது இன்ஜின் பேட்டரியை உறிஞ்சாதபடி நடுவில் ஐசொலேட்டர், மருத்துவமனையில் நிற்கும்போது சுவர் பிளக்கில் சார்ஜ் ஏற்றும் வசதி. இந்த மூன்றையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: என் வண்டி பிஎஸ்-6 டீசல். மருத்துவமனை வாசலில் ஏசி போட்டு நிறுத்தி வைப்போம், டவுனுக்குள்ளேயே சின்னச் சின்ன டிரிப். டிபிஎஃப் (டீசல் புகைக்கரி ஃபில்டர்) விளக்கு அடிக்கடி எரிகிறது. வண்டியில் கோளாறா?
– ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மதுரை

பதில்: தம்பி, பெரும்பாலும் வண்டியில் கோளாறு இருக்காது, ஓட்டும் விதத்துக்கும் வண்டிக்கும் பொருந்தவில்லை. சைலன்சர் பாதையில் உள்ள அந்த ஃபில்டர் புகைக்கரியைப் பிடித்துவைத்து, நல்ல சூடு ஏறும்போது எரித்துவிடும். ஐடிலில் நிற்கும் வண்டியில் அந்தச் சூடு ஏறாது, கரி சேர்ந்துகொண்டே போகும். விளக்கு எரிந்தால் டிரிப் இல்லாத நேரமாகப் பார்த்து ரிங் ரோட்டில் சீரான வேகத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். அதற்கும் அணையவில்லையென்றால் சர்வீஸில் விடுங்கள், அப்படியே ஓட்டினால் ஒருநாள் நோயாளியோடு போகும்போது இன்ஜின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் போக வேண்டாம். நிற்கும்போது பின்பக்க ஏசிக்குச் சுவர் பிளக் வழி இருக்கிறதா என்று முதலாளியிடம் கேளுங்கள். அடுத்த வண்டி டவுன் டிரிப்புக்கு மட்டும் என்றால் பெட்ரோலாக இருப்பது நல்லது.

கேள்வி: மகன் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தேன். அங்கே ஆம்புலன்ஸ் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கிறது. பழைய பெட்டியைக் கழற்றிப் புது வண்டியில் மாட்டுவார்களாமே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்மைதான் அம்மா. அங்கே மூன்று வகை. பிக்கப் டிரக் சேசிஸின்மேல் பெட்டி வைத்தது ஒன்று. முழு வேன் இரண்டாவது. ஃபோர்டு இ-சீரிஸ் போன்ற வேனின் பின்பாகத்தை வெட்டி, அதில் பெட்டி பொருத்தியது மூன்றாவது. ஒன்றிலும் மூன்றிலும் அலுமினியப் பெட்டி தனி, சேசிஸ் தனி. இன்ஜின் தேய்ந்ததும் பெட்டியைத் தூக்கிச் சீர்செய்து புது சேசிஸில் இறக்கிவிடுவார்கள், செலவு மிச்சம். நம்மூர் வேனில் சட்டமும் பாடியும் ஒன்று என்பதால் அப்படிப் பிரிக்க வழியில்லை. அந்தப் பெட்டி அகலமும் நம் தெருக்களுக்கு ஒத்துவராது.

கேள்வி: மின்சார ஆம்புலன்ஸ் வாங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: மத்திய அரசு 2024இல் கொண்டுவந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மின்சார ஆம்புலன்ஸுக்கென்று 500 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். டயாலிசிஸ், பரிசோதனைக்கு அழைத்துப்போவது போன்ற நேரம் தெரிந்த, தூரம் தெரிந்த டிரிப்புகளுக்கு எனக்குச் சம்மதம். அதிர்வு குறைவு, சத்தம் குறைவு, நோயாளிக்கு அது பெரிய உதவி. எந்த நேரமும் எங்கேயும் போகக் கூப்பிடும் அவசர வண்டிக்கு இப்போதைக்கு டீசலையே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி எடையும் நான் மேலே சொன்ன எடைக்கணக்கில் சேரும், அதையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஆம்புலன்ஸ் ரொம்பத் தூக்கிப் போடுகிறது. பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை எடுத்துவிட்டால் மென்மையாகும் என்கிறார்கள். செய்யலாமா?
– ஓட்டுநர், தூத்துக்குடி

பதில்: செய்யாதீர்கள். மீதிப் பட்டைகள் அளவுக்கு மீறி வளையும், ஆட்களும் உருளையும் ஏறியதும் அச்சு ரப்பர் நிறுத்தத்தில் போய் இடிக்கும். அந்த இடி இப்போதைய குலுக்கலைவிட மோசம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

முதலில் டயர் காற்றைப் பாருங்கள். லாரிக்கு அடிக்கும் பழக்கத்தில் பங்க் பையன் டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவை அடித்துவிடுவான். வண்டி தயாரிப்பாளர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைத்தான் வைக்க வேண்டும், காலையில் டயர் ஆறியிருக்கும்போது. அடுத்து ஷாக் அப்சார்பர்: பின்மூலையை உடம்பு எடையால் அழுத்தி விடுங்கள், ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மூன்று தடவை ஆடினால் அது போய்விட்டது. எண்ணெய் கசிந்த தடமும் தெரியும். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள் புஷ்களையும் பாருங்கள், உப்புக்காற்றில் உங்கள் ஊரில் பட்டைகளுக்கு நடுவே துருப்பிடித்து எல்லாம் ஒரே கட்டையாகிவிடும். பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே பாதிக் குலுக்கல் போய்விடும். இவ்வளவும் செய்தும் தூக்கிப் போட்டால், மேலே ராசிபுரத்துக்காரருக்குச் சொன்ன மூன்று எடைச் சீட்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எதை எங்கே நகர்த்தலாம் என்று சொல்கிறேன்.